கைகுலுக்கும் வரிசையில் ஒரு மனு

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாய் வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் நான். முன்னால் நின்றவரின் கோட்டிலிருந்து பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது பாருங்கள், வரிசையை விட்டு அப்படியே இறங்கிவிட்டேன்.

"சோத்து வரிசைனா முண்டியடிக்கற, இங்க நிக்க கால் வலிக்குதா?" என்றாள் பெண்டாட்டி.

அவளுக்கு என்ன தெரியும்? கைகுலுக்கும் வரிசை என்றாலே எனக்கு ஆகாது.

இருபது வருஷம் இருக்கும். வளைகுடாவில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் தட்டு தூக்கிக்கொண்டிருந்தேன். மூணாங்கிளாஸைத் தாண்டாதவனுக்குக் கறுப்புக் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி டையும். கண்ணாடியில் பார்த்து நானே வணக்கம் வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கும் இதே பாச்சை உருண்டை வாசனைதான்.

அப்போது திருவதிகை கோயிலில் தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். போனில் அழுதாள். "டேய், எங்கைல பொரி அள்ளிப் போட நீதான்டா வரணும். பக்கத்து வூட்டு ஆளையா புடிச்சாரச் சொல்ற?" அக்கினி முன்னால் பெண்ணின் கையில் பொரி போடுவது கூடப்பிறந்தவன் வேலை. அவளுக்கு இருப்பது நான் ஒருத்தன். என் பாஸ்போர்ட்டோ கம்பெனி பீரோவில். சூப்பர்வைசரைக் கேட்டால், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். கல்யாணம் இந்த மாசம்.

அறையில் என்னோடு தங்கியிருந்த திட்டக்குடிக்காரன்தான் வழி சொன்னான். நிலத்தகராறுக்காகத் திங்கள்கிழமை தவறாமல் கடலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துத் தேர்ந்தவன்.

"நாளைக்கு நாம தட்டு தூக்கற பார்ட்டி குடுக்கறதே தூதருதான் மச்சான். பாஸ்போர்ட்லாம் அவரு சொன்னா வந்துரும். மனு நான் எழுதறேன், நீ கைல குடு. டேபிள்ல வெச்சா போண்டா மடிக்கத்தான் ஆவும்."

"அவருதான் தூதருனு எப்பிடிடா தெரியும்?"

"வரிசைல போனா கடைசில யாரு நிக்கறாங்களோ அவருதான். கலெக்டராண்ட இன்னா பண்ணுவோம்?"

தமிழில் நாலு பக்கம் எழுதினான். கம்பெனி பேரை மட்டும் இங்கிலீஷில்.

மறுநாள் அந்தப் பெரிய ஓட்டல் ஹாலில் நம்ம கொடி இல்லை, வேறு ஏதோ கொடி. ஜோடனைக்குக் கட்டிய துணி என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். தட்டைத் தூண் ஓரமாக வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, விருந்தாளிகள் கைகுலுக்கப் போகும் வரிசையில் நுழைந்தேன். எனக்கு முன்னால் வழுக்கைத் தலையோடு ஒருவர். திரும்பி அன்பாக இந்தியில் என்னமோ கேட்டார். இந்திக்காரரால் நமக்கு என்ன ஆகப்போகிறது? "நோ இந்தி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியில் நின்றவர் கையில் மனுவைக் கொடுத்துக் குனிந்து கும்பிட்டேன். அவர் பூரித்துப்போய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோகூட எடுத்தார்கள். பக்கத்துத் தட்டில் குவிந்திருந்த கவர்களின் மேல் மனுவைப் பத்திரமாக வைத்தார். வேலை முடிந்தது என்று நான் திரும்ப, பாண்டிச்சேரிக்கார சூப்பர்வைசர் காலரைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தார்.

"இன்னாடா குடுத்த அவருகிட்ட?"

"மனு சார். நம்ம தூதருகிட்ட."

"நம்ம தூதரா? இது அவுங்க நாட்டு தேசிய தினம்டா! அவரு அவுங்க தூதரு. உம் முன்னாடி வழுக்கையா ஒருத்தர் நின்னாரே, அவருதான்டா நம்மாளு!"

சூப்பர்வைசர் கையை உதறிவிட்டு வழுக்கைக்காரரைத் தேடி ஓடினேன். வாசலில் கார் புகைதான் இருந்தது.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் அந்தத் தூதரிடமிருந்து கம்பெனிக்குத் தங்க எழுத்தில் ஒரு அட்டை வந்தது. தங்கள் அன்பான வாழ்த்துக்கு நன்றியாம். சூப்பர்வைசர் படித்துக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

பொரியைப் பக்கத்து வீட்டு ஆள்தான் போட்டாராம்.

தங்கச்சி இப்போது பண்ருட்டியில் இருக்கிறாள். போனால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்கண்ணா, நல்லாருக்கீங்களா?" என்கிறாள். சம்பந்தி வீட்டு ஆளைக் கேட்கிற மாதிரி. "ஒரு வாட்டி என்னைத் திட்டேன்மா" என்று கேட்டும் பார்த்துவிட்டேன்.

"உங்களப் போயி திட்டுவனாண்ணா? காபி ஆறுது, குடிங்க."