வலப்பக்கத்து டிஸ்க்

கமர்ஜஹான் பிறந்தது வேடசந்தூரில், 1972ஆம் ஆண்டு. அத்தா அங்கே ஒரு நூற்பாலையில் வாட்ச்மேன். பத்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் தமிழ். விடியற்காலையில் மதரசாவில் ஓதல். 1991இல் ஜெகபர் அலிக்கு வாழ்க்கைப்பட்டுத் திண்டுக்கல் பேகம்பூருக்கு வந்தாள். அவர் அப்போது வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் மொட்டை மாடியில் டிஷ் ஏறியது. கேசட் கடை பாய் கேபிள் பாய் ஆனார்.

டிஷ்ஷுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. அதற்குக் கண்ட்ரோல் ரூம் என்று பெயர். உள்ளே இரண்டு பிளேயர், ஒரு சின்ன டிவி, ஒரு டெலிபோன், ஒரு நாற்காலி. தங்கள் சொந்தச் சேனலில் தினமும் மூன்று படம் போட வேண்டும். ஒரு டிஸ்க் முடிகிற நொடியில் இன்னொரு பிளேயரில் அடுத்த டிஸ்க் ஓடத் தொடங்க வேண்டும். திரை கறுத்தால் போன் வரும். அந்த வேலைக்கு இருந்த ஆள் 1998இல் பனியன் கம்பெனிக்கென்று திருப்பூருக்குப் போய்விட்டான். புது ஆள் கிடைக்கும் வரை செத்த நேரம் பார்த்துக்கொள் என்று ஜெகபர் அலி அவளை உட்கார வைத்தார். அதன் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. ஏழு பேர் புழங்கிய அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே நாற்காலி அதுதான்.

அந்த நாற்காலிக்கு 2003ஆம் ஆண்டு ஆபத்து வந்தது.

ஜெகபர் அலியின் கேபிள் கம்பி பேகம்பூரில் தொடங்கி, அடுத்துள்ள மேட்டுப்பட்டியில் கிறிஸ்தவர்கள் இருக்கும் ஒரு தெரு வழியாக அப்பால் போகிறது. பெரிய நெட்வொர்க் ஒன்று டவுனுக்குள் வந்து, அந்தத் தெருவுக்கு இருபது சேனல் அதிகம் தருகிறோம் என்று ஆள் அனுப்பியது. அந்தத் தெரு போனால் அதற்கப்பால் உள்ள வீடுகளும் போகும். போனால் மிச்சத்தை விற்றுவிட்டு அண்ணனுடைய தோல் குடோனுக்குப் போய்விடுவதாக ஜெகபர் அலி சொல்லிவிட்டார். கண்ட்ரோல் ரூமில் வெங்காயம் உலர்த்தலாம் என்று மாமியார் காதர் பீவி யோசனை சொன்னார். கமர்ஜஹான் மாடியேறிப் போய் அடுத்த டிஸ்க்கைப் போட்டாள். அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று ஜெகபர் அலிக்குத் தெரிந்தது.

தெருவுக்குப் பெரியவர் சிலுவைமுத்து, மாதா கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடியாக ஜெபம் நடத்தும் உபதேசியார். ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிறு பூசை முடிந்து, மாதா சிலை நிற்கும் குகைபோன்ற கெபி முன்னால் கூடி எந்தக் கேபிள் என்று முடிவு செய்வதாக அவர் அறிவித்திருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தப் படம் ஓடியது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தெருவில் ஆட்டம் பாட்டம் உள்ள படத்தைப் பார்க்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் பகல் நேரத்துப் பாட்டுகளை நிறுத்துகிற கமர்ஜஹானுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு வருடமும் அந்த வெள்ளிகளில், கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து சனம் வீடு திரும்பும் ஏழு மணிக்கு, புனிதர் ஒருவரின் படத்தைப் போடுவாள். அந்த வருடம் நான்கு வெள்ளி ஓடிய டிஸ்க் ஐந்தாவது வெள்ளி திக்கித் திக்கி நின்றுவிட்டது. ஜெகபர் அலி எங்கோ கம்பத்தின் மேல் இருந்தார். போன் அடிக்கத் தொடங்கியது.

அலமாரியில் இருந்ததெல்லாம் பாட்டுப் படம். பாட்டில்லாமல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பாலிடெக்னிக்கில் படிக்கும் மேட்டுப்பட்டி ரொனால்டு, "போட்டுப் பாருங்கக்கா" என்று கொடுத்துவிட்டுப் போன ஜப்பான் கார்ட்டூன். விஞ்ஞானப் படம் என்று சொல்லியிருந்தான். புத்தகம் போல் விரிகிற பெட்டி. இடப்பக்கம் ஒரு டிஸ்க், வலப்பக்கம் ஒரு டிஸ்க். எண் ஏதும் இல்லை. முழுக்க ஜப்பான் எழுத்து. இங்கிலீஷ் எழுத்தாக இருந்தால் கை இடப்பக்கம் போயிருக்கும். புரியாத எழுத்தைக் கண்டதும், ஐந்து வயதில் வலமிருந்து ஓதும் அரபுக் கிதாபைத் திறந்து பழகிய கை வலப்பக்கம் போனது. இரண்டாம் டிஸ்க் முதலில் ஓடியது.

முறைப்படி கதை இதுதான். கடல் வற்றிய உலகத்தில் ஓர் இரும்பு மனிதன் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுக்கிறான். தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடி நடக்கிறான். பிற்பாதியில் குழந்தை வளர்ந்து ஆளாகிறது. இரும்பு மனிதன் துருவேறி உடைந்து, தன் நெஞ்சிலிருந்த கடைசித் தண்ணீரை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் குவியலாகிறான். மேட்டுப்பட்டி பார்த்தது வேறு. முதலில் அவன் உடைந்தான். பிறகு திரையில் பெயர்கள் ஓடின. இடைவேளை என்று நினைத்து எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்து பார்த்தால் அவன் பளபளவென்று நடந்து வருகிறான், தோளில் ஒரு குழந்தை. இருவரும் மலையை நோக்கிப் போகும்போது படம் பட்டென்று நின்றது. பேச்சு ஜப்பான் மொழி. கீழே ஓடிய இங்கிலீஷ் வரிகளைப் பாதி டிவிகள் வெட்டிவிட்டன. ஆக, ஆளுக்கொரு கதை.

சனிக்கிழமை முழுவதும் போன் வந்துகொண்டே இருந்தது. தவக்காலத்தில் பொம்மைப் படமா என்று ஒருவர் திட்டினார். அந்தக் குழந்தை யாருடையது என்று கேட்டவர்கள் பலர். "தண்ணி கெடச்சுச்சா இல்லையாடி?" என்று காதர் பீவியே மாடிப்படியில் நின்று கேட்டார். பெட்டியை இடமிருந்து வலமாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க கமர்ஜஹானுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கெபி முன்னால் ஜெகபர் அலியும் அவளும் போய் ஓரமாக நின்றார்கள். நெட்வொர்க்காரர் சட்டையை இன் செய்துகொண்டு, சேனல் பட்டியலோடு வந்திருந்தார். சிலுவைமுத்து கேபிள் விஷயத்துக்கு வருமுன் படத்துக்கு வந்துவிட்டார். இரும்பு மனிதன் ரத்தம் சிந்துவதுபோல் தண்ணீர் சிந்திச் செத்து, மறுபடி மகிமையோடு எழுந்து வந்ததைச் சொல்லி, இந்தத் தவக்காலத்தில் தான் கேட்ட நல்ல பிரசங்கம் அதுதான் என்றார்.

நூற்பாலையில் வேலை பார்க்கும் ஆனந்தமேரிக்கு அது ஒப்பவில்லை. புருஷன் போன பின் ஒற்றை மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் அவள். "எந்திரிச்சும் வரல, ஒன்னும் வரல உபதேசியாரே. அந்தப் பொண்ணு கல்யாணம் முடிச்சுப் புள்ள பெத்துருக்கா. அந்தப் புள்ளயத் தூக்க வேற இரும்பு ஆளு வந்துருக்கான். எம்புட்டுப் பேரு வந்தாலும் மொத ஆளு போனது போனதுதான்."

நடுவிலே கல்யாணம் எங்கே நடந்தது என்று சிலுவைமுத்து கேட்டார். சோறு போட எழுந்தபோது நடந்திருக்கும் என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. தமிழ்ப் படத்தில் பாதிக்கு மேல் பழைய கதை வருவதில்லையா, அதுபோலத்தான் இது என்றார் காய்கறிக் கடை மரியராஜ். துரும்பு தூணாகிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்காரர் இரண்டு முறை இருமினார்.

ரொனால்டு பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. "எல்லாரும் செத்த சும்மா இருங்க. அக்கா டிஸ்க்க மாத்திப் போட்டுருச்சு. ரெண்டாவது மொதல்ல ஓடிருச்சு. அம்புட்டுத்தான்."

நெட்வொர்க்காரருக்கு வாய் கிடைத்தது. "படத்தை வரிசையாப் போடவே தெரியல. இவங்களை நம்பியா லைன் வச்சிருக்கீங்க?" என்றார்.

ஜெகபர் அலி தலையைக் குனிந்துகொண்டார். கமர்ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். அந்தத் தெருவில் அவள் குரலை எல்லோருக்கும் தெரியும். முகத்தைப் பாதிப் பேர் அன்றுதான் பார்த்தார்கள்.

"மாத்திப் போட்டது நாந்தான், ஐயா. ஓதுற கிதாபு மாதிரி வலப்பக்கத்துலருந்து எடுத்துட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒழுங்காப் போடுறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. அன்று பேசிக்கொள்ளலாம் என்று சிலுவைமுத்து தள்ளிவைத்தார்.

சொன்னபடியே ஆறாம் தேதி மாலை படம் முறையாக ஓடியது. இனி ஒரே கருத்துதான் இருக்கும் என்று ரொனால்டு நினைத்திருந்தான். குருத்தோலை ஞாயிறன்று கூட்டம் முன்னிலும் மோசமாகப் பிளந்தது. சிலுவைமுத்து, குவியலோடு முடிகிற படம் உயிர்ப்பு வராமல் பெரிய வெள்ளியோடு நின்றுபோன வேதம் மாதிரி என்றார்; எடுத்தவன் வரிசை தெரியாமல் எடுத்திருக்கிறான், பாய் வீட்டம்மா போட்டதுதான் சரி என்று சாதித்தார். ஆனந்தமேரி இந்த முறைதான் அழுததாகச் சொன்னாள். பிள்ளையை ஆளாக்கிவிட்டு விழுவதுதான் உலகத்து நடப்பு என்றாள். மரியராஜுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. பெரிய வெள்ளிக்குப் புது டிஸ்க் வாங்கிப் பழைய புனிதரையே போடச் சொன்னார்.

கடைசியில் ஆனந்தமேரிதான் நெட்வொர்க்காரரிடம் திரும்பினாள். "ஏன் தம்பி, ஒரு படத்த மறுக்கா பாக்கணும்னா ஒங்ககிட்டச் சொன்னாப் போடுவீங்களா?"

"அதெல்லாம் எங்க கையில இல்லீங்கம்மா. மதுரையில இருந்து வருது. வர்றதப் பாக்க வேண்டியதுதான்."

"அப்ப தவக்கால வெள்ளிக்கு?" என்று சிலுவைமுத்து கேட்டார்.

எல்லா வெள்ளியும் ஒன்றுதான் என்றார் நெட்வொர்க்காரர். உண்மையைத்தான் சொன்னார்.

தெரு பாய் வீட்டுக் கம்பியிலேயே நின்றது. கிரிக்கெட் சேனல் வேண்டும் என்று சில வீடுகள் மட்டும் நெட்வொர்க்குக்குப் போயின. அதில் ரொனால்டின் வீடும் ஒன்று. ஆனால் டிஸ்க்கை அவன் திரும்பக் கேட்கவில்லை.

அதற்குப் பின் ஏழு வருடம் கமர்ஜஹான் அந்த நாற்காலியில் இருந்தாள். ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைமுத்துவுக்காகப் படம் வலமிருந்து ஓடும். அடுத்த வெள்ளி ஆனந்தமேரிக்காக இடமிருந்து ஓடும். குழப்பம் வேண்டாம், டிஸ்க்கின் மேல் ஒன்று, இரண்டு என்று எழுதிவிடு என்று ஜெகபர் அலி மார்க்கர் பேனா வாங்கிக் கொடுத்தார். அவள் எழுதவில்லை.

எது சரியான வரிசை என்று ஒருமுறை காதர் பீவி கேட்டார்.

"நான் எங்க மாமி படம் பாத்தேன்? டிஸ்க்கு நிக்காம ஓடுதான்னுதான் பாத்தேன்" என்றாள் கமர்ஜஹான். போன் அடித்தது. எடுத்தாள்.