இரண்டாம் வளையத்துச் சவ்வு

ஈப்போ நகரின் சிலிபினில் என் வீட்டுக்கு நான்காம் வீட்டில் இருக்கும் மாயாண்டி, தம் கையால் பதினோராயிரம் பெயர்ச்சீட்டுகள் எழுதியவர். எண்ணிக்கை அவருடையது, மிகைப்படுத்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, முப்பத்தோராம் வயதுவரை அங்கேயே பால்மரம் வெட்டிப் பாலெடுத்தார். 1984இல் ஈப்போவுக்கு வெளியே உள்ள ஒரு வேளாண் ஆய்வு நிலையத்தின் பூச்சி அறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெற்ற 2008வரை அந்த ஓர் அறைதான்.

பிடித்து வந்த பூச்சியை ஊசியில் குத்திச் சிறகை விரித்துக் காயவைப்பதும், அதே ஊசியில் பூச்சிக்கு அடியில் ஒரு சீட்டைச் செருகுவதும் அவர் பணி. சீட்டு விரல் நகத்தின் அளவு. இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகிய மூன்றும் அதில் அடங்க வேண்டும். பிடித்தவர் என்ற இடத்தில் அதிகாரியின் பெயரே வரும். வலை பிடித்தவர் மாயாண்டியாக இருந்தாலும் அதுவே அலுவலக முறை. அதைப்பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிவாஜினி என்ற ஆராய்ச்சி மாணவி அவரைத் தேடி வந்தாள். பேராக் கடலோரத் தீவுகளில் வாழும் சிறிய அந்துப்பூச்சிகளின் ஒரு பேரினத்தைப்பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதுபவள். மூன்று மாதமாக அந்தப் பூச்சி அறையிலேயே அமர்ந்து மாயாண்டி அடுக்கிய பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் கலந்து பேசினால் விளங்காமல் போகலாம் என்று மாயாண்டி என்னையும் அழைத்திருந்தார்.

"புதுசா ஒரு பூச்சி கெடைச்சிருக்கு அங்கிள். நீங்க குத்தி வச்சதுதான். அதுக்கு ஒங்க பேர வைக்கப் போறேன்."

"என் பேரா? நா பொட்டி தொடைச்சவன்லா."

"நீங்க தொடைக்காட்டி நா வந்து பாக்க ஒன்னும் மிஞ்சியிருக்காது."

தேநீர் கொண்டுவந்த அவர் மகள் ஷர்மினி சிரித்தாள். "அப்பா பேர்ல பூச்சியா? அம்மா இருந்திருந்தா, வீட்டுல இருக்கற ஒன்னு போதாதான்னு கேட்டிருக்கும்."

அன்று மாலைக்குள் செய்தி பழைய தோட்டத்து மக்களின் வாட்ஸ்அப் குழுவில் பரவிவிட்டது. தோட்டம் மூடப்பட்டபின் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தவர்கள், வரும் ஞாயிறு ஈப்போவில் ஒரு மண்டபத்தில் கூடுவதாக முன்பே ஏற்பாடு. இப்போது மாயாண்டிக்குப் பொன்னாடை போர்த்துவதாகவும் முடிவாயிற்று. பூச்சியின் படத்தைப் பெரிதாக்கி, அதன் அடியில் அவர் பெயரையும் போட்டு ஷர்மினி ஒரு பேனருக்குச் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை காலை, சிவாஜினி விட்டுச் சென்ற கட்டுரைப் படியை எடுத்துக்கொண்டு மாயாண்டி என் வீட்டுக்கு வந்தார். நான் பத்தி பத்தியாகப் படித்துத் தமிழில் சொன்னேன்.

அப்பேரினத்தில் இதுவரை நான்கு சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. எல்லாம் சாம்பல் நிறம். விரித்த சிறகின் அகலம் பதினான்கு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. வெளித்தோற்றத்தை வைத்து அவற்றைப் பிரிப்பது கடினம். வயிற்றைக் கழற்றிக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் சூடாக்கினால் தசையும் கொழுப்பும் கரைந்துபோகும். எஞ்சி நிற்கும் ஆண் உறுப்பு ஓர் இடுக்கியைப் போன்றது. அந்த இடுக்கியின் வடிவமே சிற்றினத்தைச் சொல்லும்.

சிவாஜினி ஐந்தாவதென்று கண்டது செம்பிலான் தீவுகளில் 1987இல் பிடிபட்ட ஒற்றைப் பூச்சி. அதன் இடுக்கி, முன்பே அறியப்பட்ட மூன்றாம் சிற்றினத்தின் இடுக்கியைப் பெரிதும் ஒத்திருந்தது. ஆனால் மூன்றாம் சிற்றினத்தில் பெண்ணின் சிறகில் மட்டுமே வெள்ளைப் புள்ளி உண்டு, ஆணுக்கு இல்லை. இந்தப் பூச்சியோ ஆணாக இருந்தும் புள்ளியோடு இருந்தது. அதைவிட வியப்பான ஒன்றையும் அவள் எழுதியிருந்தாள். வயிற்றின் அடியில், இரண்டாம் வளையத்தைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய சவ்வு. சூடான பொட்டாஷிலும் அது கரையவில்லை. உறவுப் பூச்சிகள் எதிலும் இத்தகைய உறுப்பு இல்லாததால், இதைத் தனிப் பேரினமாகவே பிரிக்க வேண்டியிருக்கலாம் என்பது அவள் கருத்து.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது மாயாண்டி தாளின்மேல் கை வைத்தார்.

"சார், அந்தப் படத்த மறுபடி காட்டுங்க."

காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அது சவ்வு இல்ல சார். நம்ம பால்."

"எந்தப் பால்?"

"மரத்துப் பால். நாந்தான் ஒட்டுனேன்."

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நான் வரிசைப்படுத்தித் தருகிறேன். 1987இல் அந்தத் தீவுகளுக்கு அதிகாரியோடு சென்று நான்கு நாள் தங்கினார். திரும்பும்போது கடல் கொந்தளித்தது. மடியில் வைத்திருந்த பெட்டி படகின் விளிம்பில் மோதியது. திறந்து பார்த்தபோது இரண்டு பூச்சிகளுக்கு வயிறு இல்லை. காய்ந்த அந்துப்பூச்சியின் வயிறு எளிதில் உதிரக்கூடியது. உதிர்ந்தவற்றில் ஒன்று பெட்டியின் மூலையில் கிடந்தது. மற்றது எங்கோ பலகை இடுக்கில் போய்விட்டது. உடைந்த பூச்சிக்கு அதிகாரி கடுமையாக ஏசுவார். அவர் படகின் முன்பக்கம் கண்ணயர்ந்திருந்தார்.

பூச்சி அறையில் பயன்படுத்தும் கோந்து கடற்காற்றில் உறையாது. ஆனால் தோட்டத்து வழக்கப்படி, கெட்டியாகாமல் இருக்க ஒரு துளி அம்மோனியா கலந்த மரப்பாலைச் சிறு மருந்துப் புட்டியில் மாயாண்டி எப்போதும் பையில் வைத்திருப்பார். செருப்பு வார் முதல் கண்ணாடிச் சட்டம்வரை அவருக்கு அதுவே பசை. கிடைத்த வயிற்றை, இரண்டு பூச்சிகளில் சிறகு நன்றாக இருந்த ஒன்றின்மேல் ஊசி முனையால் ஒரு பொட்டுப் பால் வைத்து ஒட்டினார். சிறகு கிழிந்த மற்றதைக் கடலில் போட்டுவிட்டார்.

"அந்த வயிறு அதுக்குள்ளதுதானா?" என்று கேட்டேன்.

"அதான் சார் தெரியல. ரெண்டுல ஒன்னு."

அவர் விரல்கள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன. வயிறு அதே பூச்சியினுடையதாக இருந்தால் சவ்வு மட்டும் பொய்யாகும், புள்ளி வைத்த ஆண் உண்மையாகும், பெயரும் நிற்கும். வேறொன்றின் வயிறாக இருந்தால் எல்லாமே போயிற்று. கட்டுரை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆய்விதழுக்குச் செல்ல இருந்தது.

"நா சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். என்னிடம் கேட்டாரா, தமக்குத்தாமே கேட்டுக்கொண்டாரா என்று சொல்லத் தெரியவில்லை.  ஞாயிற்றுக்கிழமைப் பொன்னாடை என் நினைவிலும் இருந்தது.

பிறகு அவரே சொன்னார். "பின்னால எவனாவது தொறந்து பாப்பான் சார். அப்ப நா இருக்க மாட்டேன். அந்தப் புள்ள இருக்கும். ரப்பரப் பாத்து உறுப்புன்னு எழுதுனவளாம்னு அதத்தான் சிரிப்பாங்க."

ஆயினும் அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லி அவள் வேலையைக் கெடுக்கக் கூடாது என்ற அச்சம் அவரை விடவில்லை. எனவே என் காரில் பழைய தோட்டத்துக்குப் போனோம். இப்போது அது முழுதும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயிலுக்குப் பின்னால் ஏழெட்டுப் பால்மரங்கள் மட்டும் எப்படியோ தப்பி நிற்கின்றன. பேனாக்கத்தியால் கீறிப் புட்டி மூடியில் பால் பிடித்துக்கொண்டு, வழியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் காஸ்டிக் சோடாவும் வாங்கினோம். பொட்டாஷுக்கு நெருங்கிய உறவு அது.

வியாழக்கிழமை காலை மாயாண்டி தம் வீட்டு அடுக்களையில், கண்ணாடித் துண்டில் காயவைத்த பாலை மெல்லிய தோலாக உரித்துப் பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் போட்டுச் சோடாக் கரைசலில் சூடாக்கினார். சன்னல்களைத் திறந்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி இருவரும் இருபது நிமிடம் நின்றோம்.

"என்னப்பா சமைக்கிறீங்க?" என்று முன்னறையிலிருந்து ஷர்மினி கேட்டாள். "நாத்தம் தாங்கல லா."

அவர் இடுக்கியால் வெளியே எடுத்தபோது தோல் கரையாமல் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தேன் நிறம்.

உடனே சிவாஜினியைக் கைப்பேசியில் அழைத்தார். நடந்ததைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று நிமிடம் பிடித்தது. 

"பொட்டிய எடுத்து வைக்கிறேன் அங்கிள்," என்றாள் அவள். "எப்ப வர முடியும்?"

"இப்பவே வாரேன்."

பூச்சி அறையில் நாப்தலின் நெடி. சிவாஜினி பெட்டியை முன்பே எடுத்து வைத்திருந்தாள். எங்களை உட்காரவும் சொல்லவில்லை.

"வயிறு தனியா ஸ்லைடுல இருக்கு. அது ஆண். அதுல சந்தேகமில்ல," என்றாள். "ஒடம்பு ஆணா பொண்ணான்னு பாக்கணும். வயித்தப் பாத்தே ஆண்னு நம்பிட்டதால, ஒடம்பத் திருப்பிப் பாக்கவே இல்ல."

அந்துப்பூச்சியின் பின்சிறகின் அடியில், முன்சிறகோடு அதைக் கோத்துப் பிடிக்கும் முள்மயிர் உண்டு. ஆணுக்கு அது ஒன்றே ஒன்று, சற்றுத் தடித்தது. பெண்ணுக்கு இரண்டோ அதற்கு மேலோ. அவள் இதை எனக்காக விளக்கினாள். மாயாண்டிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பூச்சியைத் தலைகீழாகத் திருப்பி உருப்பெருக்கியின் அடியில் வைத்தார்கள். சிறகின் அடியில் செதில்கள் மூடியிருந்தன. அவற்றை ஒதுக்கச் சிவாஜினி தூரிகையை எடுத்தாள், சிறகைத் தொடத் துணியவில்லை. உலகில் அந்த ஒரு பூச்சிதான் இருப்பதாக அவள் எழுதியிருந்தாள் அல்லவா?

"நா செய்யட்டா?"

மேசையின் இரண்டாம் இழுப்பறையில் கையை விட்டு, கண்ணிமை மயிர் ஒன்று ஒட்டிய மெல்லிய குச்சியை மாயாண்டி எடுத்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே அது இருந்தது. குனிந்தார். முந்தைய நாள் என் மேசை விளிம்பில் ஓயாமல் அசைந்துகொண்டிருந்த அந்த விரல்கள் இப்போது அசைவற்று நின்றன. செதில்கள் ஒவ்வொன்றாக விலகின.

"நீயே பாருமா," என்று விலகிக்கொண்டார்.

அவள் பார்த்தாள். திருகைத் திருப்பினாள். மீண்டும் பார்த்தாள்.

"ரெண்டு."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு அங்கிள். பொம்பளப் பூச்சி. மூனாவது இனத்துப் பொண்ணு. அது மேல அதே இனத்து ஆம்பள வயிறு."

என்னையும் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். இரண்டுதான்.

சிவாஜினி மடிக்கணினியை மூடிவிட்டு நாற்காலியில் அமர்ந்தாள். "அப்பவே ஏன் சொல்லல?"

"ஏசுவாருன்னு பயம்."

"முப்பத்தேழு வருஷமாவா?"

மாயாண்டி குச்சியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். 

"ரொம்ப சூசாவாப் போச்சா ஒனக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சூசாதான், கஷ்டந்தான். ஒரு அத்தியாயமே போச்சு. சூப்பர்வைசர்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல." கண்களைத் துடைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "ரப்பருக்குப் போய் புதுப் பேரினம் கொடுக்கப் பாத்தேன். இது அச்சுல வந்து, அப்புறம் எவனாவது கண்டுபிடிச்சிருந்தா, நேரா என்னத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் கொண்டுபோய்ச் சேத்திருப்பாங்க."

மாயாண்டி சிரிக்கவில்லை.

பூச்சிச் சேகரிப்பில் எதையும் தூக்கி எறிவதில்லை. பிழையானாலும் அதைச் சீட்டில் எழுதி அதே ஊசியில் செருகி வைப்பது வழக்கம். சிவாஜினி வெள்ளைச் சீட்டு ஒன்றைக் கத்தரித்து, மெல்லிய முனைப் பேனாவோடு அவர் முன் வைத்தாள்.

"நீங்களே எழுதுங்க. அந்த எழுத்து எனக்கு வராது."

"என்னான்னு எழுத?"

"நடந்தத எழுதுங்க. யாரு செஞ்சதுன்னும் போடணும். பேரில்லாத சீட்ட யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் பேனாவை எடுத்தார். முதல் வரியைத் தயங்காமல் எழுதினார். மலாய் மொழியில் எழுதியதன் பொருள் இது: இந்த வயிறு இப்பூச்சியினுடையதன்று, மரப்பால் கொண்டு ஒட்டப்பட்டது, 1987. அடுத்த வரியில் பேனா நின்றது.

"சார், என் பேருக்கு முன்னால அப்பா பேரோட எழுத்து போடணுமா?"

பதினோராயிரம் சீட்டுகளில் ஒன்றிலும் அவர் தம் பெயரை எழுதிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போடலாம் என்றேன்.

எழுதி முடிக்கும் முன்பே அவர் கைப்பேசி ஒலித்தது. ஷர்மினி. அது ஓயட்டும் என்று விட்டார். எழுதி முடித்தபோது மறுபடி ஒலித்தது. மை காய்ந்ததா என்று சீட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"பேனர் வந்திருச்சுப்பா. சூப்பரா இருக்கு. படம் அனுப்பட்டா?"

"வேணாம். அதத் தொங்கவிடாத."

"ஏம்பா?"

"ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு வாரேன். மேடையில நானே சொல்றேன்."

"என்னத்தச் சொல்லப் போறீங்க?"

  "வீட்டுக்கு வந்து மொதல்ல ஒன்கிட்டச் சொல்றேன்," என்று வைத்துவிட்டு, பூச்சியின் ஊசியை எடுத்து, அதிகாரியின் பெயர் இருந்த பழைய சீட்டுக்குக் கீழே புதியதைச் செருகினார். இரண்டும் ஒரே கையெழுத்து.