ஏழு செங்கல் நீளப் பெயர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும், அஞ்சாவதோடு நின்றவன் நான். இதே நோய் வந்தவர்கள் பொறுத்துப் படிக்க வேண்டும்.

உத்திரமேரூர்ப் பக்கம் எனக்கும் என் மனைவி செல்விக்கும் கட்டட வேலை. முதலில் கால்களில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். பிறகு பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொன்னார்கள்: த்ராம்போசைட்டோபீனியா (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவது).

மாத்திரையில் முகம் உப்பியது. தட்டணுக்கள் மெல்ல ஏறின. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "எங்க போனாலும் இந்தப் பேரைச் சொல்லுங்க. தெரியாம வலி ஊசி போட்டா ரத்தம் நிக்காது" என்றார். வெளியாள் முன்னால் சொந்தப் பெயரைச் சொல்லவே கூசுகிறவன் நான்.

நர்ஸம்மா விடவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து விரல் மடக்கினார். "த்ராம். போ. சைட். டோ. பீ. னி. யா. அஞ்சாவதுல அழுத்தணும், அண்ணா."

அந்த எழுத்தில் செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்கக்கா, அப்பத்தான் மறக்காது."

அவருக்கு எவ்வளவோ வேலை. நான் முழுசாகச் சொல்லும்வரை எழவில்லை.

ஊருக்கு வந்ததும் பெயரை மறந்துபோனேன். செல்விதான் வழி கண்டாள். டாக்டர் அனுமதித்தபின் வேலைக்குத் திரும்பினேன். கீழே நின்று நான் செங்கல் வீச, சாரத்தின் மேல் அவள் பிடிப்பாள்.

"கல்லுக்கு ஒரு எழுத்தா சொல்லிக்கினே போடுய்யா. சொல்லலன்னா புடிக்க மாட்டேன். உன் தலைமேலதான் வுழும்."

ஒரு சுவர் எழும்புவதற்குள் பெயர் படிந்துவிட்டது.

பிறகு மானாம்பதியில் வேலை. செல்வி வராத நாள். பலகை தடுக்கி விழுந்து உதடு கிழிந்தது. பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் வலி ஊசியோடு வந்தார். வாயெல்லாம் ரத்தம். பெயர் வரவில்லை. செங்கல் இல்லாத கைக்கு எதுவும் நினைவில்லை.

கையைத் தூக்கி, இல்லாத கல்லை மேலே வீசினேன். த்ராம். அடுத்தது. போ. டாக்டர் பயந்துபோய்ப் பார்த்தார். ஐந்தாவதை ஓங்கி வீசினேன். ஏழாவது போனதும் அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். "நல்லவேளை. யாரு சொல்லிக் குடுத்தது?"

"நர்ஸம்மா. அப்புறம் எங்க வூட்ல."

முன்பெல்லாம் உடம்பு சொன்னபடி வேலைக்கு வரும், திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது விடிந்ததும் கால்களைப் பார்க்கிறேன். புள்ளி இல்லையென்றால், மேலேயிருந்து ஒருத்தி அந்த நாளைப் பத்திரமாகப் பிடித்துவிட்டது போல இருக்கிறது. அடுத்ததை எடுக்கிறேன்.

எழுதியது: ஐப்பசி பதினெட்டு, மழைக்கு வேலை நின்ற நாள்.