நம்ம பள்ளிக்கூடம்

இராமநாதபுரத்தில் நானும் என் கல்லூரித் தோழனும் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆனதற்குப் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. வாடகைக்குப் பிடித்த வீட்டில் கழிப்பறை ஒன்றுதான் இருந்தது. அதையே ஒழுக்கம், கட்டுப்பாடு என்று நோட்டீஸில் அச்சடித்தோம். மதுரை, கொடைக்கானல் விடுதிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் சேரப் பையன்களைத் தயார் செய்வதுதான் வேலை. கீழக்கரையிலிருந்து துபாய்க்காரர் வீட்டுப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள்.

முதல் போட்டவர் தோழனுடைய அய்யா. அவன் தாளாளர். பாடம் நடத்தியது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது, கிணற்றுத் தண்ணீர் உப்பென்று சைக்கிளில் குடிதண்ணீர் சுமந்தது எல்லாம் நான். வருத்தமே இல்லை. "மாப்ள, இது நம்ம பள்ளிக்கூடம்டா" என்பான். 'நம்ம' என்றால் கேட்கிறவனும் சேர்த்தி அல்லவா! அந்த ஒரு சொல்லில் மயங்கிக் கிடந்தேன்.

சாயல்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் எனக்கு வேலை உத்தரவு வந்தது.

"நம்ம பள்ளிக்கூடத்த விட்டுட்டு அங்கன போயி என்னடா செய்யப் போறே? சொந்தக் கட்டடம் எந்திரிக்கட்டும், நீதான் ஹெட்மாஸ்டர்" என்றான். நான் போகவில்லை. என் மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பல வருடம் கழித்துக் கட்டடம் எழும்பியது. திறப்பு விழா மேடையில் அவன் மருமகனைத் தலைமையாசிரியர் என்று அறிவித்தார்கள். கீழே பையன்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த என்னைச் சிறப்பு விருந்தினரிடம் காட்டி, "சார், இவரு எங்க ஸ்கூல்ல ரொம்ப வருசமா வேல பாக்குறாரு" என்றான்.

கூட்டம் கலைந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப இருந்துடா அது 'எங்க' ஸ்கூல் ஆச்சு?"

"வெளியாள்ட்ட அப்படித்தானடா சொல்லணும்? அந்த 'எங்க'ல நீயும்தான இருக்கே?"

இலக்கணப்படி சரிதான்.

"அப்ப ஹெட்மாஸ்டர் வேலை?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது எங்க குடும்பம் எடுத்த முடிவு மாப்ள."

இந்த 'எங்க'வுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. எதிரே நின்றவன் நான் ஒருவன்தான். பாவி, அதையும் மாப்ள என்று கூப்பிட்டுத்தான் சொன்னான்!

வேலையை உதறிவிடலாம் என்று வீடு வரைக்கும் கொதித்துக்கொண்டு போனேன். உதறிவிட்டு எங்கே போவது? வேண்டாமென்று விட்ட அரசு வேலை இனி வராது என்பது அவனுக்கும் தெரியும். மறுநாள் காலை அவன் மருமகன் உள்ளே வந்ததும், நாற்காலியை விட்டு எழுந்து வணக்கம் சொன்னேன்.