குருநகராரும் ஜீப்பின் முன் சாவ்டும்

எங்கள் வளவுப் பலாமரத்தடியில் நின்ற அந்த ஜீப்பை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது ஜீப் அல்ல, அதன் அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சோடிக் கால்கள்தான். ஒரு சோடி என் மனுசனுடையது. மற்றது குருநகராருடையது. முகம் தெரியாது, கை தெரியாது, கதை மட்டும் கேட்கும். கலியாணம் கட்டின நாள் முதல் "ஓம்", "இல்லை", "சோறு போடு" என்று இந்த மூன்றையும் வைத்தே என்னோடு குடும்பம் நடத்தின மனுசன், அந்த இரும்புக்குக் கீழே மல்லாக்கப் படுத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கதைப்பார். நான் குசினி வாசலில் நின்று காது குடுப்பேன். ஸ்பானர் தட்டுகிற சத்தத்தில் ஒன்றும் பிடிபடாது. இடைக்கிடை குருநகரார் பெரிதாகச் சிரிப்பார். அதைக் கேட்க எனக்கு வயிறு பற்றி எரியும். இப்ப நினைத்தாலும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

உலகச் சண்டை முடிந்து, வெள்ளைக்காரப் பட்டாளம் தன் வாகனங்களை ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. இவர் கொடிகாமம் சந்தைக்குக் கிட்ட, எங்கள் வளவிலேயே ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு, மரக்கறி ஏற்றுகிற லொறிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். குருநகரார் சண்டைக் காலத்தில் பட்டாள முகாமில் வேலை செய்து ஜீப்பின் குடல் முழுவதும் பழகினவர். சிலுவை கும்பிடுகிற வேதக்காரர், இவரைவிட மூத்தவர், காலமை குருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து பொழுதுபடப் போவார். இரண்டு பேரையும் சேர்த்துவிட்டது ஒப்பந்தத்துக்கு வேலை எடுக்கிற ஒரு கொந்தறாத்துக்காரர். வன்னியில் காடு வெட்டி வயலாக்குகிற கொந்தறாத்து அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்கென்று ஏலத்தில் எடுத்த ஜீப்பில் ஒரு குறை. நாலு சில்லும் சேர்ந்து இழுக்க வேண்டிய வண்டியில் பின் சில்லு இரண்டும்தான் இழுத்தன. முன் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு, அதைத்தான் முன் சாவ்ட் என்பார்கள், மூட்டுத் தேய்ந்து கடகடவென்று அடித்தது.

கொந்தறாத்துக்காரர் முற்றத்தில் நின்றே சொல்லிவிட்டார். "முன் சில்லு இழுத்தா ரெண்டு பேரும் ஜீப்போடை வன்னிக்கு வாருங்கோ, மாசச் சம்பளம். இழுக்காட்டி எனக்கு ஜீப்பும் வேண்டாம், ஆக்களும் வேண்டாம். மாரி துடங்கினா அந்தச் சேத்துக்கை பின் சில்லை நம்பிப் போகேலாது." எனக்கு விசயம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. சாவ்ட் சரிவந்தால் என் மனுசன் போய்விடுவார், அதுவும் அந்த மனுசனோடு. சரிவராவிட்டால் என்னோடு இருப்பார். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி, அந்த மூட்டுச் சரிவரக் கூடாது என்று கும்பிட்டேன். பிள்ளை வரம் கேட்கிறவர்களையும் வழக்கு வெல்லக் கேட்கிறவர்களையும் கண்ட பிள்ளையாருக்கு இது புது நேர்த்தியாக இருந்திருக்கும்.

இவருக்கு எதற்கெடுத்தாலும் குருநகரார்தான், அண்ணை, அண்ணை. தேத்தண்ணியோடு பனங்கட்டி குடுத்தால் பெரிய துண்டு அண்ணைக்கு. நான் வைக்கிற மீன்குழம்பை ஒருநாளும் நல்லது கெட்டது சொல்லாதவர், குருநகராரின் மனுசி பொரித்து வாழையிலையில் கட்டி அனுப்பின மீனைத் தின்றுவிட்டு "நல்ல பதம்" என்றார். அதை நான் என் காதால் கேட்டேன். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அவர் கேட்கவுமில்லை. சாவ்டின் மூட்டுக்குள் நாலு கையுள்ள ஒரு உருக்குத் துண்டு இருக்கும். குருநகரார் அதைக் குருசு என்பார், வேதக்காரரின் வாயில் சிலுவைக்கு அதுதான் பேர். கொஞ்ச நாளில், நெற்றி முட்டத் திருநீறு பூசின என் மனுசனும் "அந்தக் குருசை எடுங்கோ அண்ணை" என்று சொல்லத் தொடங்கினார். அவரின் வாய்க்குள் எனக்குத் தெரியாத சொற்கள் எல்லாம் வந்து குடியேறின.

சாவ்டைக் கழற்றுவதே பெரும் பாடாக இருந்தது. சில்லுகளுக்குக் கல் அண்டை குடுத்து, துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பிறகு இருவரும் அடியில் படுத்து இரண்டு முனையையும் கழற்றி அதை வெளியே உருவினார்கள். குருநகரார் குருசின் கையைத் துடைத்து நகத்தால் தடவிப் பார்த்தார். "பள்ளம் விழுந்திட்டுது. இது இனிச் சரிவராது" என்றார். எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. ஆனால் கொந்தறாத்துக்காரர் லேசில் விடுகிறவர் அல்ல. எங்கேயோ உடைத்துப் போட்டிருந்த வேறொரு ஜீப்பின் சாவ்டை வண்டிலில் போட்டு அனுப்பிவிட்டார். தண்டு நெளிந்திருந்தாலும் அதன் குருசு பழுதில்லாமல் இருந்தது.

அதைக் கழற்றும்போதுதான் பிசகினது. குருசின் ஒவ்வொரு கையிலும் சின்னக் கிண்ணம்போல ஒரு மூடி. அதற்குள் ஈர்க்கு முறித்து அடுக்கினது மாதிரி உருக்கு ஊசிகள் வட்டமாக நிற்கும். கிறீஸ் பூசியிருந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் பழைய சாவ்டில் கிறீஸ் காய்ந்து பொருக்காகிவிட்டது. கீழே சாக்கு விரித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்குக் கதை ருசியில் மறந்துபோனார்கள். இவர் என்னவோ சொல்ல, குருநகரார் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, தட்டின மூடி கையை விட்டுத் துள்ளி, ஊசிகள் அவ்வளவும் மணலுக்குள் போயின. எங்கள் தென்மராச்சி மணல் சீனி மாதிரி, விழுந்ததை விழுங்கிவிடும். சிரிப்பு நின்றது. நான் குசினி வாசலுக்கு வந்தேன்.

இரண்டு பேரும் முழங்காலில் நின்று மணலைக் கிளறினார்கள். காந்தம் இருந்தால் நிமிசத்து வேலை என்று குருநகரார் சொன்னார், கொடிகாமத்தில் காந்தத்துக்கு எங்கே போவது. ஒரு ஊசி குறைந்தாலும் மூட்டு ஒரு பக்கம் சாய்ந்து உடைந்துபோகுமாம். பிள்ளையார் கேட்டுவிட்டார் என்று நான் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் இவர் எழும்பி, கையைத் தட்டி, என்னைப் பாராமல் குருநகராரைப் பார்த்துச் சொன்னார். "விடுங்கோ அண்ணை. இவள் வந்து பாத்தாளெண்டால் எல்லாம் எடுப்பாள். இவளின்ரை கண்ணுக்கு ஒண்டும் தப்பாது. இந்த வீட்டுச் சோத்திலை ஒருநாளும் கல்லுக் கடிபட்டதில்லை."

என்னைப் பற்றி அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டது அதுதான் முதல். அதற்குப் பிறகு நான் என்ன செய்ய. அரிதட்டையும் சுளகையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த இடத்து மணலை அள்ளி அரித்தேன், அரிதட்டில் மிஞ்சினதைச் சுளகில் போட்டுக் கொழித்தேன். குறுணிக்கல், ஆட்டுப்புழுக்கை, பலாவிலைக் காம்பு, அதற்குள் மினுங்கி மினுங்கி ஊசி. குருநகராரை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவருக்கு முன்னால் தோற்க அதைவிடப் பிடிக்காது. நான் எடுத்துக் குடுக்கக் குடுக்க அவர் கிறீஸ் பூசி மூடிக்குள் ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசியில் ஒரு இடைவெளி மிஞ்சினது. வெயில் சாய்ந்துவிட்டது. "நாளைக்குப் பாப்பம்" என்று இவர் சொன்னார். நான் விடவில்லை. ஆடு மிதித்த குளம்படிக்குள் அது புதைந்துகிடந்தது. ஊதித் துடைத்து இவரின் உள்ளங்கையில் வைத்தேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சந்தோசத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

மூட்டைப் பூட்டி, சாவ்டை ஏற்றி, நட்டுகளை இறுக்கினார்கள். உழுது கிடந்த பின்வளவுக்குள் ஜீப்பை இறக்கிப் பார்த்தபோது முன் சில்லு மண்ணைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஏறினது. கொந்தறாத்துக்காரர் கை தட்டினார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கற்பூரம் கொளுத்திக் கேட்டதை என் கையாலேயே அரித்துக் கொட்டிவிட்டேனே என்று கிணற்றடியில் நின்று அழுதேன். போகிற அன்று குருநகராருக்குப் பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு இவர் எனக்குச் சொன்னது, "ஆட்டுக்குக் குழை போட மறந்திடாதை." அவ்வளவுதான்.

மாரி பிறந்து, வன்னியிலிருந்து ஒரு சேதியும் இல்லாமல் இருந்த நாளில் ஒரு பொம்பிளை படலையைத் திறந்துகொண்டு வந்தா. நெடிய ஆள், கையில் கருவாட்டுப் பொட்டலம். குருநகராரின் மனுசி என்று தன்னைச் சொன்னா. சேதி ஏதும் தெரியுமோ என்று கேட்க வந்ததாகச் சொல்லிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு கிணற்றடியைப் பார்த்து, "இதிலை நிண்டுதானோ தண்ணி அள்ளேக்கை பாட்டுப் படிக்கிறனீங்கள்?" என்று கேட்டா. நான் யாருக்கும் கேட்கப் பாடினதில்லை.

"ஆர் சொன்னது?"

"உங்கடை மனுசன் எங்கடை மனுசனுக்குச் சொல்லி, அவர் வந்து எனக்குச் சொன்னவர். பின்னேரம் வீட்டை வந்தா உங்கடை கதைதான் தங்கச்சி. நீங்கள் பாடுறது, கோவம் வந்தா பானையோடை கதைக்கிறது, எல்லாம் தெரியும். உண்மையைச் சொல்லுறன், உங்களைக் காணாமலே எனக்கு உங்களைப் பிடிக்கேல்லை. எப்பிடியான ஆள் எண்டு பாத்திட்டுப் போகத்தான் வந்தனான்."

அந்த ஜீப்புக்குக் கீழே நடந்த கதை முழுக்க என் கதையாம். நான் வாசலில் நின்று எரிந்துகொண்டிருந்தது என்னைப் பார்த்தேயாம். சந்தோசப்பட வேண்டியவள்தான். பட்டேன், ஒரு கணம். அடுத்த கணம் அந்தப் பொம்பிளையைப் பார்க்க எரிச்சல் வந்தது. என் மனுசன் என்னைப் பற்றிச் சொன்னது எனக்கு வராமல், குருநகருக்குப் பஸ் ஏறிப் போய், அவவின் காதில் இறங்கியிருக்கிறது. ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லி, தேத்தண்ணி போட்டுக் குடுத்து, "வேறை என்ன சொன்னவராம்?" என்று கேட்டேன்.

இவர் காய்ச்சலோடு வன்னியால் திரும்பிவந்து, பழையபடி மூன்று சொல்லோடு என்னோடு வாழ்ந்தார். எனக்குத் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. கேட்டால் வெட்கப்பட்டு அந்த மூன்றையும் நிறுத்திவிடுவார் என்று பயம். பேரப்பிள்ளை கண்ட வயதில் குருநகரார் முதலில் கண்ணை மூடினார். இவர் போன மாதம் போனார். செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று குருநகரக்கா பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, எனக்குப் பக்கத்தில் பாயில் இருந்தா. பந்தி முடிந்து சனம் குறைந்த பிறகு, "உங்களுக்கு ஒண்டு சொல்லாமல் வைச்சிருந்தனான்" என்றா.

"உங்கடை மனுசன் வன்னியிலை காய்ச்சலோடை கிடக்கேக்கை எங்கடை மனுசனுக்குச் சொன்னவராம். 'அவள் ஒரு ஊசியையெண்டாலும் மறைச்சு வைப்பாள் எண்டு பாத்தனான் அண்ணை. கடைசி ஊசியையும் தேடி எடுத்துக் கையிலை தந்திட்டாள். நான் போறது அவளுக்கு ஒண்டுமில்லைப் போலை.' எண்டு அழுதவராம்."

நான் எழும்பினேன். உள்ளே போய் அந்த மனுசனோடு ஒரு பெரிய சண்டை பிடிக்க வேண்டும் என்று எழும்பி, அறை வாசல் வரைக்கும் போய்விட்டேன்.