பளிங்கு முகமும் சிவப்புக் காரும்

கோப்பன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகத்தைத் துப்புரவு செய்வதுதான் ஞானரட்ணத்தின் வேலை. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பளிங்குத் தலையை அவர்தான் தூசி தட்டுவார். 1986இல் ஒருநாள் அங்கே வழிகாட்டிப் பெண் விளக்கிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. அரசர் எழுபத்தைந்து வயதுவரை வாழ்ந்தாராம். ஆனாலும் கடைசிவரை ஊரூராக வைத்த சிலைகளில் இளமை முகம்தானாம். அதைப் பார்த்தே தூரத்துச் சனங்கள் அவரை அசைக்க முடியாதவர் என்று நம்பினார்களாம்.

ஞானரட்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னாரில் இருக்கும் மாமனாருக்கு அனுப்பவென்று, இரவல் கோட்டோடு யாருடையதோ ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நின்று அவரும் படம் எடுத்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னதும் மனைவி விக்ரோரியா கேட்டாள்: "அப்ப இனி அந்தப் படத்தை அனுப்பமாட்டியளோ?"

"மாட்டன். படத்தில காருக்குள்ள இருந்து கார்க்காரன்ர நாய் எட்டிப் பாக்குது. அகஸ்டஸ் எண்டா அப்பிடி விட்டிருப்பாரோ? நாளைக்கு வேற கார் பாப்பம்."