சபீனா மேடத்தின் இன்னொரு மாணவி

ஆராய்ச்சி மாணவராக அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்: நெறியாளர் நம்மைத் திட்டினால்கூடச் சோறு இறங்கும், பக்கத்தில் இருப்பவரைப் பாராட்டினால்தான் இறங்காது. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகத் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவன். கிருஷ்ணகிரி சபீனா மேடம்தான் எனக்கு நெறியாளர். போன வருஷம் தவறிவிட்டார்.

பத்து நோட்டு

பர்கூர் பக்கம் கல் உடைக்கும் பெண்களின் பாட்டுகளை மேடம் பல வருஷம் அலைந்து எழுதி வைத்திருந்தார். பத்து நோட்டு. என்றைக்காவது எனக்குத்தான் வரும் என்று அவை இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடமோ, ஆய்வில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத, தளி ஊர்ப் பெண் மஞ்சுளாவிடம் அத்தனையையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

“அவ்வளவும் உங்க உழைப்பாச்சே மேடம்” என்றேன், ரொம்ப அக்கறை உள்ளவன் மாதிரி.

“இங்க தூங்கிட்டுத்தானே கிடந்துச்சு முருகேசன், அவ எழுப்பட்டும்!”

அவளை ‘நீ’ என்பார், என்னை ‘நீங்க’ என்பார். அதுவும் எனக்கு எரியும்.

அஞ்செட்டிப் பயணம்

அஞ்செட்டிக்கு மேலே ஒரு ஊரில் மாடு மேய்க்கும் அம்மா ஒருவர் நன்றாகப் பாடுவார் என்று போனோம். நான் லீவு போட்டு வந்திருந்தேன். மஞ்சுளா கன்னடத்தில் ரெண்டு வார்த்தை பேசியதும் அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார். நான் மூன்று பேரின் பைகளையும் சுமந்து நின்றேன். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா என்னைக் காட்டி மேடத்திடம் கேட்டார்:

“இவரு யாரு, உங்க டிரைவருங்களா?”

நான் செய்த காரியம்

பெங்களூரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பச் சொல்லி மஞ்சுளாவுக்குத் தகவல் சொல்லும்படி மேடம் என்னிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சாதித்தேன். கடைசித் தேதி போய்விட்டது. அவள் அழுதாள் என்று கேள்விப்பட்டபோது, நிஜத்தைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேடம் திட்டவே இல்லை. அங்கேயே அமைப்பாளருக்குப் போன் போட்டுப் பேசினார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“அங்க நான் பேசறதுக்கு ஒதுக்குன நேரத்த மஞ்சுவுக்குக் குடுத்துட்டேன். நீங்க வந்து முன்வரிசையில உக்காருங்க.”

போனேன். உட்கார்ந்தேன். நன்றாகப் பேசித் தொலைத்தாள்.

நினைவுக் கூட்டம்

மேடத்துக்காக ஓசூரில் கூடினோம். மேடையேறிய ஒவ்வொருவரும் ‘என்மேல் தனிப் பிரியம்’ என்றார்கள். இறந்த பிறகும் மேடத்தைப் பங்கு போடுகிறார்களே என்று பொறுக்காமல் வெளியே வந்தேன். பின்னாலேயே மஞ்சுளா வந்தாள். கருத்தரங்கு விஷயத்தை அன்றைக்குத்தான் அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

“அப்பவே தெரியும் சார்” என்றாள். “எனக்கும் உங்க மேல பொறாமைதான். என் ஆய்வேட்டை மேடம் ரெண்டு தடவதான் படிச்சாங்க. உங்களோடத ஏழு தடவ படிச்சாங்க. அவ்வளவு தப்பாம்!”

ஏழு தடவை என்பதை அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன், காரணத்தை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.